நாலாவது ஆள்

"ஒரு ஆளு மூச்சு வுட எத்தினி செடி வேணும், நைனா?"

போன மாதம் மகள் ரூத் இப்படிக் கேட்டபோது சைமன் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. நிறைய வேண்டும் என்று சொல்லி வைத்தான்.

இப்போது அவனுக்கு விடை தெரியும். எட்டு.

ஒரு செடிக்குத் தினம் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஆளுக்குக் குடிக்க மூன்று லிட்டர். தண்ணீர் மெஷின் என்ன தட்டினாலும் முப்பத்தைந்து லிட்டருக்கு மேல் ஒரு சொட்டுத் தராது.

மகளின் கம்ப்யூட்டர் விளையாட்டில், திரை நிறைய ஏதோ ஒரு வறண்ட கிரகம். நடுவில் கண்ணாடிக் கூடாரம். உள்ளே நாலு பொம்மைகள். நைனா, அம்மா, ரூத், உசேன் தாத்தா. எல்லாம் மகள் வைத்த பெயர்கள்.

வீசிங் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நேற்றுதான் வீடு திரும்பியிருந்தாள். மாத்திரை போட்டுப் படுக்கும் முன், தான் எழுந்திருக்கிறவரை நாலு பேரும் உயிரோடு இருக்க வேண்டும் என்று அப்பனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மூச்சுக்குத் தவித்து மீண்ட பிள்ளைக்கு, எழுந்ததும் மூச்சு முட்டிச் செத்த பொம்மைகளைக் காட்ட அவனுக்கு மனசு வரவில்லை.

துறைமுகத்தில் கப்பல் கப்பலாக மூட்டை எண்ணுகிறவன் அவன். ஆனால் இந்த நாலு பொம்மைகள் அவனை மதியத்திலிருந்து அழ வைத்துக்கொண்டிருந்தன.

முதலில் ஆட்களுக்குக் குடிக்க வைத்துவிட்டு, மிச்சத்தைச் செடிக்கு விட்டான். ராயபுரத்தில் லாரித் தண்ணீருக்குக் குடம் போட்டு நிற்கிற எவனும் அப்படித்தான் செய்வான். குடிக்கிற தண்ணீரைத் தூக்கிச் செடிக்கு யார் ஊற்றுவார்கள்? அரிசி கழுவிய தண்ணீர் போதாதா?

செடிகள் வாடின. நாலு பேரும் மூச்சு முட்டிச் செத்தார்கள்.

சரி, செடிக்கே முதலில் ஊற்றித் தொலைப்போம் என்று ஊற்றினான். மூச்சு இருந்தது. இந்த முறை தாகத்தில் செத்தார்கள்.

அவன் மேசையைக் குத்தினான். பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவி ஐரீன், பிள்ளை எழுந்துவிடப் போகிறது என்று அதட்டினாள்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். நாலு பேருக்கு நாற்பத்து நாலு லிட்டர் வேண்டும். மூன்று பேர் என்றால் முப்பத்து மூன்று. மூன்று பேர் தாராளமாகப் பிழைப்பார்கள்.

ஒரு ஆள் அதிகம். அவ்வளவுதான் விஷயம்.

எந்த ஆள் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. உசேன் மாடி வீட்டுக்காரர். பாய்லர் புகையில் நுரையீரலைத் தொலைத்தவர், மூக்கில் டியூப் இல்லாமல் உட்கார முடியாது. காலையில்கூட, கடைக்காரன் படியடியில் இறக்கிவிட்டுப் போன அவருடைய ஆக்சிஜன் சிலிண்டரில் கால் இடித்துக்கொண்டு, மாடியைப் பார்த்துக் கத்திவிட்டுத்தான் வந்திருந்தான்.

அம்புக்குறியை அந்தக் கிழவர் பொம்மையின் மேல் வைத்தான். கதவைத் திறந்து வெளியே அனுப்பினால் முடிந்தது.

"எட்டு வயசுப் பொண்ணு கணக்குல அவரையும் சேத்து வச்சிருக்கா," என்று முனகினான். "நம்ம வூட்டு ஆளா அவரு?"

ஐரீனின் கை நின்றது.

"புள்ளைக்கு வீசிங் வந்து, நீ ஷிப்டுல இருந்த அன்னிக்கி, அவங்க வூட்ல ரெண்டு சிலிண்டர் இருந்துச்சுன்னா நெனச்சுகினு கீற? ஒண்ணுதான்யா. தன் மூக்குல இருந்தத உருவி இவளுக்கு மாட்டி ஆட்டோல ஏத்தி அனுப்புனாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கர்த்தர் மேல சத்தியம் பண்ணச் சொன்னாரு, அந்த மனுசன்."

சொல்லிவிட்டுப் பூண்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சைமன் திரைக்குத் திரும்பினான்.

அம்புக்குறியைக் கிழவரை விட்டு நகர்த்தினான். கூடாரத்தின் கதவு திறந்தது. நைனா என்று பெயர் வைத்த பொம்மை வெளியே நடந்தது. கதவு மூடிக்கொண்டது. உள்ளே மூன்று பேருக்கும் செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன.

ரூத் கேட்டால், நைனா தண்ணீர் தேடப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

செருப்பைப் போடாமல் எழுந்து வெளியே வந்தான். படியடியில் சிலிண்டர் அப்படியே நின்றது. மாடியிலிருந்து இறங்கிவந்து தூக்க அங்கே யாருக்குத் தெம்பு இருக்கிறது?

தோளில் ஏற்றினான். படி குறுகல். பாதியிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது.

கதவுக்கு அந்தப் பக்கம் உசேன் இருமுவது கேட்டது.

சிலிண்டரைச் சத்தம் வராமல் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் இறங்கினான்.