காந்த அறைக்குத் துணை

"முகத்துல மந்திரிச்ச ஊசி ஏதாவது குத்தி வச்சிருக்கீங்களாம்மா?" என்று ஆய்வுக்கூட உதவியாளர் வெனிங் நேரடியாகவே கேட்டாள்.

பாட்டுக் கேட்கும்போது பாடகிகளின் மூளை என்ன செய்கிறது என்று காந்தப்புலத்தை வைத்துப் படம் பிடிக்கும் ஆய்வுக்கூடம் அது, இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்தில். உடம்பில் உலோகத்தோடு அந்தக் காந்த அறைக்குள் போனால் ஆபத்து. பார்ப்பவர்களை மயக்கக் கன்னத்துத் தோலுக்கடியில் தங்க ஊசி ஏற்றிக்கொண்டு, கேட்டால் வாயே திறக்காத பாடகிகளை வெனிங் நிறையப் பார்த்துவிட்டாள்.

"எனக்கெதுக்கு ஊசி? என் குரல் போதாதா?" என்றாள் படம் எடுக்க வந்திருந்த பாடகி சுப்ராப்தி.

"நம்பாதம்மா! முப்பது வருஷமா இவ பின்னாடியே சுத்தறேன். ஊசி இல்லாமலா?" என்று சிரித்தார், உள்ளே கையைப் பிடித்துக்கொள்ளத் துணைக்கு வந்திருந்த கணவர் திர்த்தோ.

உலோகம் காட்டும் கருவியைச் சுப்ராப்தியின் முகத்தருகே கொண்டுபோனாள் வெனிங். சத்தமே இல்லை.

"உள்ள வர்றதுன்னா உங்களையும் சோதிக்கணும் ஐயா."

"நான்... வெளியவே இருக்கேனே."

"இவ்வளவு தூரம் வந்துட்டு என்ன வெட்கம்?" என்று சுப்ராப்தி அவரை முன்னே தள்ளினாள்.

கன்னத்தருகே போனதுமே கருவி அலறியது. மறு கன்னத்திலும் அதே அலறல்.

திர்த்தோ தலையைக் குனிந்துகொண்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி குத்திக்கிட்டது. ஊரே உன் பின்னாடி சுத்துச்சு. நீ என்னைத் திரும்பிப் பாக்கணுமே!"

சுப்ராப்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அட மனுஷா! உங்க மூஞ்சியை யாரு பாத்தா? உங்கம்மா வச்ச கறிக்குழம்பைச் சாப்பிட்டுத்தானே நான் சரின்னு சொன்னேன்!"