மிதக்காத பந்துகள்

அமெரிக்காவின் பார்சிப்பனியில், வெளிறிய டிசம்பர் வெயிலில், பழைய காரின் பானெட்டைத் திறந்துவைத்து நிற்கிறாள் யாமினி. காரை விற்கும் சுவாமிநாதன் அங்கிள் காபி டம்ளரை நீட்டுகிறார். "நம்மூர்ப் பொண்ணுகிட்ட பொய் சொல்வேனாம்மா? போன வாரம்தான் கூலன்ட் சேஞ்ச் பண்ணேன். உள்ள வா, காபி ஆறிடும்." அவள் வந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். யாமினி, கையோடு கொண்டுவந்த கூலன்ட் டெஸ்டரின் ரப்பர் குமிழை அமுக்கி விடுகிறாள். ரேடியேட்டரிலிருந்து திரவம் குழாய்க்குள் ஏறுகிறது. பச்சை கண்ணைப் பறிக்கிறது. குளிரில் உறையாத நல்ல கூலன்ட் என்றால் குழாய்க்குள் இருக்கும் குட்டிப் பந்துகள் மிதக்க வேண்டும். பச்சைச் சாயம் கலந்த வெறும் தண்ணீரென்றால் அடியிலேயே கிடக்கும். அந்தத் தண்ணீர் ஒரே இரவுக் குளிரில் உறைந்து இன்ஜினைப் பிளந்துவிடும். விரலால் குழாயைத் தட்டுகிறாள். பந்துகள் லேசாகப் புரண்டு அடியிலேயே படுத்துக்கொள்கின்றன. நிமிர்கிறாள். அங்கிள் குழாயைப் பார்க்கவேயில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.