படகுக்கு மட்டும்

இன்சூரன்ஸ் அதிகாரி குப்பத்துக்கு வந்தபோது புயலில் பெருகிய ஏரி வெள்ளம் வடிந்திருந்தது. படகுக்கான இன்சூரன்ஸ் பணம் வந்தால்தான் தேசம்மாவின் பிள்ளைகளுக்குச் சோறு.

"உன் படகு வெள்ளத்துல முழுகிடுச்சா?"

"நாங்களே முழுகடிச்சோம் சார். புயல்னா படகுக்குள்ள மண்ணைக் கொட்டி ஏரியிலயே அமுக்கிடுவோம். கரையில வுட்டா காத்து தூக்கியடிச்சு ஒடைச்சிடும். எங்க வூட்டுக்காருதான் அமுக்குனாரு."

"இப்போ படகு?"

"முந்தாநாள் தூக்கிட்டோம். கீறல்கூட இல்ல சார்."

"அப்புறம் என்னம்மா நஷ்டம்? பணமெல்லாம் கிடையாது." அதிகாரி சிரித்தார். "உன் புருஷன் பலே கெட்டிக்காரன். கூப்பிடு, பார்க்கலாம்."



"அமுக்கும்போது கயிறு காலைச் சுத்திக்கிச்சு சார். படகைத் தூக்குனப்போதான் அவரையும் தூக்குனோம்."