டங்கனின் வலது கால்

படாரென்று ஒரு சத்தம். பக்கக் கோட்டைத் தாண்டி வந்த பந்து தண்ணீர்ப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு டங்கனின் காலடியில் நிற்கிறது. ரூஜ் மைதானத்தின் ஈரப் புல்லில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஸ்கொட்லாந்தில் பின்கள ஆட்டக்காரராக, பந்து கிட்ட வந்தால் தூர விரட்டியே காலம் தள்ளிய டங்கன், இப்போது கனடாவில் ஸ்காபரோத் தமிழ்க் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர். இறுதியாட்டத்தில் அவருடைய அணி ஒரு கோல் பின்னால். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பந்தை வாங்கி உள்ளே எறிய அவருடைய ஆட்டக்காரன் வினோதன் கைநீட்டி ஓடி வருகிறான். டங்கனின் வலது கால் யாரையும் கேட்கவில்லை. ஓங்கி ஓர் உதை. பந்து வேலி கடந்து மேப்பிள் மரங்களுக்குள் மறைகிறது. இலைகள் சலசலத்து அடங்குகின்றன. அவர் முகத்தில் ஆபத்தை விரட்டிய நிம்மதி. வினோதன் இடுப்பில் கைவைத்து நிற்கிறான்.

"டங்கன் அண்ணை, தோக்கிறது நாங்களெல்லோ!"