எட்டாத அலமாரி

மலையடிவாரக் காட்டில் ஒரு நூலகம் இருந்தது. அதற்குத் தலைவி அம்பாரி என்ற யானை. கரையான் அண்டாமல், சாரல் படாமல் புத்தகங்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். அலமாரிகளைத் தன் தும்பிக்கைக்கு வாகான உயரத்தில் அவளே செய்வித்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சருகி என்ற குட்டிச் சருகுமான் தினமும் வருவாள். கீழ்த்தட்டிலிருந்து ஒரே புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டுப் போவாள்.

"ஏம்மா, அதையே எத்தனை தடவை படிப்பே? அலுக்கலையா?" என்று ஒருநாள் அம்பாரி கேட்டாள்.

"அலுத்துப்போச்சுதான் அம்மா. கீழே இருக்கிறதெல்லாம் முடிச்சிட்டேன். மேலே எட்டாது."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"நீங்க எப்பவும் வேலையா இருப்பீங்க. முயலண்ணனும் கேட்கத் தயங்கித்தான் வர்றதையே விட்டுட்டாரு."

அன்று அம்பாரிக்குத் தழை இறங்கவில்லை. மறுநாள் அலமாரிகளை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்த்துத் தரையோடு வைத்தாள். இடம் போதவில்லை. தன் அறைச் சுவரை இடித்தாள். அப்படியும் ஓர் அலமாரி மிஞ்சியது. தான் நிற்கும் இடத்தில் அதை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

முயல் திரும்பி வந்தான். கூடவே அணில்களும் கீரிகளும் வந்தன. அம்பாரி ஜன்னல் வழியே தலையை மட்டும் நீட்டி மேற்பார்வை பார்த்தாள். அங்கிருந்து அவள் தும்பிக்கைக்கு ஒரு புத்தகமும் எட்டவில்லை; கண்ணுக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. அதை யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது.

சருகி அதைக் கவனித்துவிட்டாள். ஒரு புத்தகத்தைக் கவ்வி வந்து ஜன்னலடியில் உட்கார்ந்தாள்.

"எங்கேருந்து படிக்கட்டும் அம்மா?"

"முதல்லேருந்தே படி," என்று அம்பாரி காதுகளை விரித்தாள்.