தோழிக்கு ஒரு பரிசு

ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கு இரண்டிரண்டு பேராகத்தான் கூப்பிட்டார்கள். ஹெப்சிக்கு ஜோடியாக வந்து வாய்த்தவள் கோமதி, ஏழு மாதமாக இவள் காய் விட்டிருக்கும் தோழி.

"உங்கள் தோழிக்கு என்ன பரிசு வாங்கலாம்? இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். ஒரு நிமிடம்," என்று தேர்வாளர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் படங்களை நீட்டினார். கோமதி கடிகாரப் படத்தைக் காட்டி, மனப்பாடம் செய்த மரியாதையோடு ஹெப்சியின் கருத்தைக் கேட்டாள். ஹெப்சி படங்களைத் தள்ளிவைத்தாள்.

"தோழிக்குப் பரிசு வேண்டாம். அவள் அப்பா இறந்த அன்று நீ வந்திருந்தால் போதும்," என்றாள் அதே ஆங்கிலத்தில்.

தேர்வாளர் எதையோ குறித்துக்கொண்டார். கோமதி வாயைத் திறந்ததும் நேரம் முடிந்துவிட்டது என்றார்.

வராந்தாவில் ஹெப்சி ஷூ லேஸ் கட்டக் குனிந்தாள். அவள் முகத்துக்கு நேரே இரண்டு விரல்கள் நீண்டன.

"ஏட்டி, பழம்."

ஹெப்சி கட்டிய லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். விரல்கள் அங்கேயே இருந்தன.