நோன்புக்கார மாப்பிள்ளை

“இம்புட்டு பக்தியான ஆளை நான் பாத்ததே இல்லண்ணே. திங்கக்கிழமை, வியாழக்கிழமை ஆச்சுன்னா நோன்பு. பச்சத்தண்ணி பல்லுல படாது” என்று அடுக்கிக்கொண்டே போனான் ஜெகதீஷ்.

மூக்கண்டப்பள்ளி பிரியாணிக் கடையில் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் ஜுபைர். காவேரிப்பட்டினத்தில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர். தங்கை ஜைபாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க, முந்தாநாள்தான் பக்ரீத்; அது முடிந்த கையோடு கிளம்பி வந்திருந்தார். பெண் கொடுக்கிற வீட்டுக்கு அறைத் தோழன் சொல்லும் ஒரு வார்த்தை ஆதார் அட்டையைவிடப் பெரிய அத்தாட்சி.

மாப்பிள்ளை மஹீன் பக்கத்திலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பெங்களூரில் வேதியியலில் டாக்டர் பட்டத்துக்கு நான்காவது வருடம். அங்கே கேட்கிற வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் ஆராய்ச்சி மாணவன் எங்கே போவான்? கம்பெனியில் வேலை பார்க்கும் ஜெகதீஷோடு இங்கே ஒரே அறையில் தங்கி, தினமும் மாநில பார்டரைத் தாண்டிப் போய்வந்தான்.

“உதவித்தொகை மாசாமாசம் வருதுங்களா தம்பி?” என்று கேட்டார் ஜுபைர்.

“வரும் பாய். இந்த வருசம்தான் நாலஞ்சு மாசத்தைச் சேத்து மொத்தமா போடறாங்க.”

“அதுவும் நல்லதுதான். கையில இருந்தா செலவாயிரும். சாயங்காலத்துல டியூஷன் கியூஷன் எடுக்கலாமில்ல?”

“கூடாது பாய். உதவித்தொகை வாங்கறவங்க வேற சம்பாத்தியம் பாக்க மாட்டோம்னு எழுதி வாங்கியிருக்காங்க.”

ஜெகதீஷுக்கு நண்பனின் கல்யாணம் நடந்தே தீரவேண்டும். “இந்த வருசம் பக்தி இன்னும் கூடிப்போச்சுண்ணே. இப்பல்லாம் செவ்வா, புதன்கூட விடறதில்ல. பெருநாளுக்குக்கூட ஊருக்குப் போகாம லேப்லயே கெடந்தாரு. படிப்பு, நோன்பு, அம்புட்டுதான்” என்று மேலும் ஒரு போடு போட்டான்.

ஜுபைருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. “இதுக்கு மேல என்ன விசாரிக்கறது மாப்ள? சாப்பிட்டுட்டு எங்க அத்தாவுக்கு ஒரு போனைப் போட்டு முடிச்சிரலாம்” என்றார்.

‘மாப்ள’ என்றதும் மஹீனின் முகத்தில் ரத்தம் ஓடியது. ஜைபாவைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவன் ஏங்கிக் கிடந்ததே இந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

ஜுபைர் போனை எடுத்து மேஜைமேல் தயாராக வைத்துக்கொண்டு, “மூணு பிரியாணி” என்று குரல் கொடுத்தார்.

“ரெண்டு போதும்ணே. இன்னைக்குத் திங்கக்கிழமைல்ல?” ஜெகதீஷ் முந்திக்கொண்டான்.

ஜுபைர் திரும்பி மஹீனைப் பார்த்தார். “இன்னிக்குமா?”

மஹீன் ஜெகதீஷைப் பார்த்தான். ஜெகதீஷ் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஆமா பாய். பழகிப்போச்சு. ஒரு நாள் விட்டாலும் மனசு கேக்காது” என்றான் மஹீன்.

பிரியாணி வந்தது. ஆவி மூக்கில் ஏற, மஹீன் எச்சிலை விழுங்கிவிட்டு, ரோட்டில் போகும் கம்பெனி பஸ்களைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் வயிறு போட்ட சத்தம் எதிர் நாற்காலி வரைக்கும் கேட்டது. பாவம், பார்க்கவே சங்கடமாக இருந்தது.

ஜெகதீஷ் எலும்பைக்கூட விடாமல் முடித்தான். “முன்னாடி உக்காந்து தின்னாலும் அசையறாரா பாருங்கண்ணே! வைராக்கியம்னா இதுதான்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனான்.

ஜுபைர் இன்னும் ஒரு வாய்கூட வைக்கவில்லை. மேஜைமேல் இருந்த போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். தன் தட்டை மஹீன் பக்கம் நகர்த்திவிட்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“பக்ரீத் முடிஞ்சு மூணு நாளைக்கு யாரும் நோன்பே வைக்கக் கூடாது தம்பி... சாப்பிடுங்க.”